சுறாவுக்குப் பிடித்த நிறம்

சுறாவுக்கு மஞ்சள் நிறம் என்றால் உயிர் என்ற செய்தி விடிந்ததும் விடியாததுமாகக் குடும்பக் குழுவில் வந்து விழுந்தது. அனுப்பியவர் தூரத்தில் எங்கும் இல்லை. அடுத்த அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த கோமுவின் அப்பா முத்துசுப்பிரமணியன்தான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்ற மகளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றால் நாலு எட்டு நடந்து வந்து சொல்லலாம். சொல்லமாட்டார். மஸ்கட்டிலும் பெங்களூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற சொந்தபந்தம் அத்தனையும் பார்க்கிற இடத்தில் போட்டால்தான் அவருக்குச் சொன்ன மாதிரி இருக்கும்.

கோமு பல் துலக்கிக்கொண்டே அதைப் படித்தாள். மஞ்சள் பலகையோடு கடலில் இறங்குகிறவர்களைச் சுறா தேடி வருமாம். அதன் கண்ணுக்கு அது பழுத்த மாம்பழம் மாதிரித் தெரியுமாம். சுறா எந்தக் காலத்தில் மாம்பழம் தின்றது என்று எழுதினவனும் யோசிக்கவில்லை, அனுப்பினவரும் யோசிக்கவில்லை.

இத்தனைக்கும் கோமு பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். மீனின் கண்ணைப் பற்றி வருஷா வருஷம் பாடம் எடுக்கிறாள். அவள் சொல்வதை ஒரு வகுப்புப் பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதிக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் மட்டும் அவள் படிப்பு செல்லாது. உள்ளூர் மாடு விலைபோகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனால் வம்பை இழுத்துவிட்டவளும் அவள்தான். ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போய், பலகையில் நின்று அலை மேல் வருகிற அலைச்சறுக்குப் பழகுகிறாள். சொல்லிக்கொடுக்கிறவன் ரெமிஜியுஸ் என்ற மணப்பாட்டுக்காரன். புதிதாகப் பழகுகிற பெண்களுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு போட்டி. "டீச்சர், சொந்தப் பலகையில ஏறுனாத்தான் காலு பழகும்" என்று சொல்லி, ஒரே நீளத்தில் இரண்டு பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. எது வேண்டும் என்று அவள் பாட்டுக்குச் சொல்லியிருந்தால் முடிந்து போயிருக்கும். புத்திகெட்டுப்போய் அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டாள்.

காப்பி குடிக்கும்போது அப்பாவிடம் நேராகவே சொன்னாள். "எப்பா, நிறம் பாக்கதுக்கு நம்ம கண்ணுல மூணு வகை செல் இருக்கு. ஆராய்ச்சி பண்ணிப் பாத்த சுறாவுல முக்காவாசிக்கு ஒண்ணுக்கு மேல இல்ல. அனேகமா அதுக்கு மஞ்சளும் தெரியாது, பச்சையும் தெரியாது. வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான்."

"அப்பம் எதுக்கு மஞ்சளைச் சொல்லுதான்?"

"தண்ணிக்கும் பலகைக்கும் உள்ள வித்தியாசம் எடுப்பா இருந்தா அது கவனிக்கலாம். அது என்ன நிறமா இருந்தாலும் சரி. அதுவும் சுறா கீழேருந்துதான் பாக்கும். கீழேருந்து பாத்தா எந்தப் பலகையும் வானத்துக்கு முன்னால கருப்பாத்தான் தெரியும்."

"அதைத்தான நானும் சொல்லுதேன். மஞ்சள்னா எடுப்பா இருக்கும்."

கணக்கு வாத்தியார் இல்லையா. பத்து வரி சொன்னால் தனக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு விடைக்கு வந்துவிடுவார்.

அதற்குள் பெர்த்திலிருந்து பெரியப்பா மகள் ப்ரீதாவின் குரல் குழுவில் வந்தது. அவள் அங்கே ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். உப்புக்காற்று பட்டால் முடி கொட்டும் என்று கடற்கரைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள். ஆனாலும் ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஒரே காரணத்தால் சுறா விஷயத்தில் அவள் சொன்னால் வேதவாக்கு. வரிக்குதிரை மாதிரிக் கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டால் சுறா அண்டாது என்று அங்கே சிலர் சொல்கிறார்களாம்.

"மூணு பட்டை போட்டாப் போதுமா?" என்று அப்பா கேட்டார். "அப்படின்னா நமக்கும் பொருத்தமா இருக்கும்." நெற்றியில் திருநீறு காய்ந்துகொண்டிருந்தது. கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டார்.

"எப்பா, என்னைய ஆள விடுங்க."

"இல்லட்டி, யோசிச்சுப் பாரு. நாம சைவம். நம்ம மேல மீன் வாடை கிடையாது. அதனால வாடைக்கு அது வராது. கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் வரும். அதனாலதான் நான் நிறத்துலயே நிக்குதேன்."

அடுக்களைக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா ஆவுடையம்மாள், "மஞ்சளே இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள்.

"ஒனக்கு எல்லாத்துக்கும் மஞ்சள் வேணும்" என்றார் அப்பா.

"எம்மா, இது என்ன கல்யாணக் காரியமா? நீ வேற" என்றாள் கோமு.

அதிசயமாக அப்பாவும் மகளும் அந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள். அம்மா மறுபடி துருவ ஆரம்பித்தாள்.

உண்மையைச் சொன்னால் கோமுவுக்கு அப்பாவோடு பெரிய சங்கடம் இல்லை. சுறா இல்லாவிட்டால் அவர் ஜெல்லிமீனைப் பிடித்துக்கொள்வார். சங்கடம் எல்லாம் அம்மாவோடுதான். வெளியே கிளம்புகிறவர்கள் "போறேன்" என்று சொல்லக்கூடாது, "போயிட்டு வாறேன்" என்று சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கிறவர்கள் "போயிட்டு வா" என்று சொல்லி அனுப்ப வேண்டும். எந்த வீட்டிலும் நடப்பதுதான். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அம்மா அதைச் சொல்லித்தான் அனுப்பினாள். போன மாதத்திலிருந்து சொல்லவில்லை. கடலுக்கு என்றால் "உம்" என்பாள். கல்லூரிக்குப் போகும்போதும் அந்த "உம்" தொற்றிக்கொண்டுவிட்டது. வேண்டாம் என்றால் சண்டை போடலாம். "உம்" என்கிறவளோடு என்ன சண்டை போடுவது?

கோமு படித்தவள்தான், சகுனம் பார்க்கிறவள் இல்லைதான். இருந்தும் அந்த ஒரு சொல் கிடைக்காமல் அலையில் ஏற அவளுக்குக் கால் வரவில்லை. எழுந்து நிற்கிற நேரத்தில் அம்மாவின் "உம்" ஞாபகத்துக்கு வரும், முழங்கால் ஒரு நிமிஷம் யோசிக்கும், தண்ணீருக்குள் போய்விடுவாள். இந்தப் போட்டிக்கு அம்மா வாயைத் திறந்து சொல்லி அனுப்ப வேண்டும். பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அது கிடைக்க வேண்டும்.

போன மாதம் அம்மாவை மணப்பாட்டுக்குக் கூட்டிப்போனதுதான் வினை. பயம் தெளியட்டும் என்று கூட்டிப்போனாள். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு காலை முழுக்க மணலில் உட்கார்ந்திருந்தாள். கோமு கரையேறி வந்து பார்த்தால், துண்டும் பிளாஸ்க்குமாக யாரோ ஒரு பெங்களூர்ப் பெண்ணுக்கு முன்னால் போய் நிற்கிறாள். அந்தப் பெண் இங்கிலீஷில் நன்றி சொல்லித் துண்டை வாங்கித் தலையையும் துவட்டிக்கொண்டாள். "எம்மா, கண்ணாடி போட்டிருக்கியா இல்லியா?" என்று கோமு கடுகடுத்தாள். அன்றைக்குத் திரும்பி வரும்போது சாத்தான்குளம் தாண்டுகிற வரைக்கும் அம்மா பேசவில்லை. அன்றிலிருந்துதான் இந்த "உம்".

கடைசியில் கோமு வெள்ளைப் பலகை போதும் என்று ரெமிஜியுஸிடம் சொல்லிவிட்டாள். மஞ்சளை வாங்கிவிட்டு நாள் முழுக்கச் சுறாக் கதை கேட்க அவளுக்குத் தெம்பில்லை. ரெமிஜியுஸ் சிரித்தான். "சுறாவைக் கண்டு நாங்க பயந்தா எங்க வீட்டுல சுறாப்புட்டு எப்படி டீச்சர் வேகும்? ரெண்டும் மிதக்கும். எதுன்னா என்ன."

அதோடு விட்டதா? இல்லை. ஆடி பிறப்பதற்குள் பலகை வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்றார் அப்பா. புது வண்டி மாதிரித்தானே, பூசை போடாமல் ஏறக்கூடாது. கடற்கரையிலேயே கிடக்க வேண்டிய சாமானைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து, சூடம் காட்டி, மறுபடியும் கடற்கரைக்கே கொண்டுபோக வேண்டும். ரெமிஜியுஸ் அதற்கும் சளைக்கவில்லை. மார்க்கெட்டுக்கு வருகிற மீன் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐஸ்பெட்டி ஏற்றிய வண்டி அந்த சைவத் தெருவில் வந்து நின்றது. பலகை இறங்குவதற்கு முன்னால் வாடை இறங்கியது. எதிர்வீட்டுக்காரர் சன்னலைச் சாத்தினார். அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாடைக்கு வராதுன்னு சொன்னேன். இப்பம் அதுவும் போச்சு" என்றார். அவருடைய கணக்கே இடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் பூசை. சந்தனம், குங்குமம், ஒரு முழம் பிச்சிப்பூ. வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டும். பலகைக்குச் சக்கரம் கிடையாது. அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு பழத்தைப் பலகைக்கு அடியில் வைத்து, கோமுவை மேலே ஏறி நிற்கச் சொன்னார். கல்லூரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தலைவிதியே என்று ஏறினாள். பழம் நசுங்கவில்லை, உருண்டது. கடலில் விழுவதற்கு முன்னால் வாசலிலேயே ஒரு தடவை விழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அந்தப் படமும் குடும்பக் குழுவுக்குப் போனது.

"போயிட்டு வாறேன்மா."

"உம்" என்றாள் அம்மா.

சாயங்காலம் கோமு திரும்பி வந்தபோது பலகை வீட்டுக்குப் பின்னால் கொய்யாமரத்து நிழலில் சாய்த்து வைத்திருந்தது. முதலில் அது தன் பலகை என்றே அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளைப் பலகை முழுக்க மஞ்சள். சாமந்திப்பூ மஞ்சள். மேல்பக்கத்தில் கால் வழுக்காமல் இருக்க மெத்தென்று நுரை ஒட்டிய பலகை அது. அரைத்த மஞ்சளை அந்த நுரை ஆசை ஆசையாகக் குடித்திருந்தது. பக்கத்தில் அம்மா கை இரண்டும் மஞ்சளாக நின்றாள்.

"என்னம்மா இது?"

"மீன் வாடை போகலட்டி. அதான் கொஞ்சம் மஞ்சள் தேச்சேன்."

கொஞ்சமா? ஊர்க் கல்யாணத்துக்கு ஆகும். மஞ்சள் பட்டால் எது வெளுக்கும், எது வெளுக்காது என்று அம்மாவுக்குத் தெரியாதா? சாம்பார்க்கறை பட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டி வருஷக்கணக்கில் புலம்பினவள் அவள். கோமுவுக்குத் தலைக்குள் சுர்ரென்று ஏறியது. இதற்காகவா ஒரு வாரம் சுறாவின் கண்ணைப் பற்றித் தொண்டை வற்றப் பேசினாள்?

சத்தம் கேட்டு அப்பா வந்தார். பார்த்தார். துணி சோப்பையும் தேங்காய் நாரையும் எடுத்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்த இடம் வெளுக்கவில்லை. சிவந்தது. அவர் பதறிப்போய் இன்னும் அழுத்தித் தேய்த்தார், இன்னும் சிவந்தது. மஞ்சளில் சோப்புக்காரம் பட்டால் சிவக்கும் என்று கோமு சொல்ல வாயெடுப்பதற்குள் தேய்த்த பக்கம் முழுக்க ரத்த நிறமாகிவிட்டது. நடுவே சோப்பு நுரை வேறு.

"ஏ கோமு, இதுக்கு மஞ்சளே தேவலட்டி" என்றார் அப்பா. முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்குப் போக வேண்டிய ரத்தம் எல்லாம் பலகையில் இருந்தது.

கோமு வாளித்தண்ணீரை எடுத்து ஊற்றினாள். ஊற்ற ஊற்றச் சிவப்பு இறங்கி, பழையபடி மஞ்சள் வந்து நின்றது. போகவே போகாது என்று தெரிந்துவிட்டது. வாளியைக் கீழே போட்டாள்.

"ஏம்மா இப்படிச் செஞ்ச? நான் கடலுக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான? அதை வாயைத் தொறந்து சொல்லேன். ஒரு மாசமா உம், உம்னு சொல்லிக் கொல்லுத. போகாதேன்னு சொல்லு, போகல."

அம்மா கையைத் துடைத்துக்கொள்ளப் பார்த்தாள். மஞ்சள் போகவில்லை. சேலைத் தலைப்பிலும் ஏறியதுதான் மிச்சம்.

"போன மாசம் அங்கன வந்தேன்லா" என்று ஆரம்பித்தாள். "காலையிலேருந்து ஒரு பிள்ளையவே பாத்துக்கிட்டு இருந்தேன். அது விழும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நின்னுட்டு. தலை மேல வாறது வரைக்கும் முருகா முருகான்னு சொன்னேன். ஒரு தடவ எந்திச்சு நின்னுது பாரு, எனக்கு அப்படி ஒரு சந்தோசம். பொறவு துண்டை எடுத்துக்கிட்டு ஓடினேன். பக்கத்துல போயிப் பாத்தா அது யாரோ பெத்த பிள்ளை."

கோமு கீழே கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தாள்.

"அவ்வளவு நேரமும் நீ எங்கன கெடந்த, விழுந்தியா, எந்திச்சியா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. பெத்தவ கரையிலதான் இருக்கேன். ஆனா நான் ஒன்னையப் பாக்கவே இல்லட்டி. எல்லாத் தலையும் கருப்பு. எல்லாப் பலகையும் வெள்ளை. தண்ணியும் வெள்ளையா நுரைச்சுக்கிட்டுக் கெடக்கு. போறதும் தெரியல, வாறதும் தெரியல. போயிட்டு வான்னு நான் என்னத்தைப் பாத்துச் சொல்லுவேன்?"

அப்பா தேங்காய் நாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தாழ்ந்த குரலில், "சுறா பாத்துரும்லா ஆவுடை" என்றார்.

"அது கீழேருந்துலா பாக்கும்? ஒங்க மகதான சொன்னா. கீழே நான் ஒண்ணும் செய்யல." அம்மா பலகையைக் காட்டினாள். "அடிப்பக்கம் சுறாவுக்கு. மேல்பக்கம் எனக்கு."

கோமு பலகையைத் திருப்பினாள். அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓரத்தில் வழிந்த மஞ்சளைக்கூடத் துணியால் ஒற்றி எடுத்திருந்தாள். அந்த வீட்டில் ஒரு வாரமாக நடந்த பாடத்தை ஒருத்தி கவனித்துத்தான் இருக்கிறாள். தேங்காய் துருவிக்கொண்டே கவனித்திருக்கிறாள். மஞ்சளே இருக்கட்டும் என்று சொல்லவும் சொன்னாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

கோமுவுக்கு அழுகை வந்தது. தன் மேல்தான் எரிச்சலாக வந்தது. கண்ணாடி போட்டிருக்கிறாயா என்று கேட்ட வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"முதல்லயே சொல்லுததுக்கு என்னம்மா?"

"சொன்னா, ஒனக்குக் கண்ணு சரியில்ல, நீ வீட்டுலயே இருன்னு சொல்லிருவிய. அப்பாவும் மகளும் சேந்து."

அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அப்பா தரையைப் பார்த்தார். கோமுவும் தரையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் போனார்கள். மணப்பாட்டில் காற்று வெளுத்து வாங்கியது. மஞ்சள் பலகையைக் கண்டதும் ரெமிஜியுஸ் குனிந்து மோந்து பார்த்தான். "டீச்சர், இது கடலுக்கா, குழம்புக்கா?" என்றான். அப்பா அவனிடம் சுறாவைப் பற்றிக் கேட்க வாயெடுத்து, அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

தண்ணீர் காலைத் தொடுகிற இடம் வரைக்கும் அம்மா கூடவே வந்தாள். கோமு பலகையை இடுக்கிக்கொண்டு, "போயிட்டு வாறேன்மா" என்றாள்.

"போயிட்டு வா" என்றாள் அம்மா.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. பேசிக்கொள்கிற அளவுக்குக்கூட இல்லை, முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டாள். ஒரே ஒரு அலையில் கொஞ்ச தூரம் நின்று வந்தாள். மற்றதெல்லாம் விழுந்து எழுந்ததுதான். உப்புத்தண்ணீரைத் துப்பிக்கொண்டு, பாதி மஞ்சள் வெளுத்த பலகையை இழுத்துக்கொண்டு கரையேறினாள். கரையில் நல்ல கூட்டம். ஈரத்தலையும் வெள்ளைப் பலகையுமாகப் பெண்பிள்ளைகள் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, ஆவுடையம்மாள் மணலில் நேராக வந்தாள். வழியில் ஒரு பிள்ளையின் முகத்தையும் நின்று பார்க்கவில்லை.

"மூணாவது அலையில எதுக்குட்டி அவ்வளவு அவசரம்?" என்று துண்டைத் தலையில் போட்டுத் துவட்டினாள். "பைய எந்திச்சிருந்தா நின்னுருப்ப. அதுக்கு அடுத்ததுல தண்ணிக்குள்ள போயி எம்புட்டு நேரம் கெடந்த, தெரியுமா? எனக்கு உசுரே இல்ல."

அதையேதான் சொல்ல வந்திருந்த ரெமிஜியுஸ் அப்படியே திரும்பிப் போனான். கோமு தலையைக் குனிந்து கொடுத்தாள்.